முன் ரூமைக் காலி செய்யச் சொன்ன கதை: எந்த வழி பலித்தது?

ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன் ரூமில் ஒன்றேகால் வருஷம் ஒரு தம்பி தங்கியிருந்தார். ஹாலும் சமையலறையும் பொது. வாடகை 8,000, அட்வான்ஸ் 40,000. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி ஒன்றரை மணிக்கு கேட்டைக் கிறீச்சென்று திறந்து பைக்கை ஏற்றுவார். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார், டேங்க் வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் அருவி கொட்டும். சனிக்கிழமையானால் ஹாலில் அவருடைய நண்பர்கள். அம்மா தன் வீட்டிலேயே ரூமுக்குள் அடைந்து கிடப்பார். ஏசியை ஓடவிட்டு ஆபீஸ் போவது தனிக் கதை. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கரண்ட் கட்டண அடுக்கே மாறிவிடும். சப் மீட்டர்படி அவர் பங்கை அவர் கொடுத்தாலும் எங்கள் பங்கும் சேர்ந்தே ஏறியது.

போகச் சொல்ல மூன்று வழி இருந்தது. கூட்டிவந்தவர் மூலம் சொல்வது, வக்கீல் நோட்டீஸ், நேரில் உட்கார்ந்து பேசுவது. ஃபியூஸைப் பிடுங்குவது, தண்ணீரை அடைப்பது என்று நாலாவதாக ஒன்றைச் சிலர் காதில் ஓதுவார்கள். தண்ணீர், கரண்ட் மாதிரி அத்தியாவசியங்களை நிறுத்தக் கூடாது என்று வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. தவிர, ஒரே வீட்டில் அவருக்கு நிறுத்தினால் நமக்கும்தான் நிற்கும். அதை விட்டுவிடலாம்.

முதலில் கூட்டிவந்தவரைப் பிடித்தேன். திண்டிவனத்துப் பெரியப்பா மகன். ரூமில் இருந்த தம்பியின் அப்பாவிடம் அவர் சொல்ல, அந்த அப்பா எங்கள் அம்மாவுக்கு போன் செய்து, "பையன் விவரம் தெரியாமப் பண்ணிட்டான், நீங்க பெத்த பிள்ளை மாதிரி நினைச்சுக்குங்க" என்றார். அம்மா உருகிவிட்டார். போனை வைத்தபோது இரண்டு மாதம் கூடுதலாகக் கொடுத்திருந்தார். உறவைக் காப்பாற்ற நல்ல வழிதான், ரூம் காலியாகாது.

அடுத்து வக்கீல். அவர் கேட்ட முதல் கேள்வியே "அக்ரிமென்ட் இருக்கா?" வாய்ப்பேச்சுதான், ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. அதோடு, நாமே குடியிருக்கும் வீட்டில் ஒரு ரூமில் இருப்பவர் வாடகைதாரரா, அனுமதியின் பேரில் தங்கியவரா என்பதே ஒரு வாதமாகும் என்றார் வக்கீல். வாடகையே தராமல் மல்லுக்கட்டுகிறவர், மிரட்டுகிறவர் என்றால் இந்த வழிதான் சரியாக இருக்கும். நான் கோர்ட் படி ஏறியதில்லை, அதனால் அதற்கு மேல் அளக்கவில்லை. எங்கள் தம்பியோ ஐந்தாம் தேதி தவறாமல் ஜிபேயில் வாடகை போடுகிறவர். அவருக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் அதே அடுப்பில் யார் முதலில் பால் காய்ச்சுவது?

கடைசியில் நேரில் பேசியதுதான் பலித்தது. முன்பு இரண்டு முறை வாசலில் நின்றபடி, "வேற ரூம் பாருங்களேன்" என்று சொல்லியிருந்தேன். தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். பிடிவாதம் என்று நினைத்தேன். வைகாசிக் கடைசி ஞாயிறு காபி போட்டுக் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. தம்ளரைச் சுற்றிக்கொண்டே, "போகணும்னு புரியுதுண்ணா. புது ரூமுக்கு அட்வான்ஸ் கட்ட கையில காசு இல்ல. நீங்க தர்றது நான் காலி பண்ணின பிறகுதானே?" என்றார்.

சென்னையில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது சட்டம். நடப்பில் ஐந்து, ஆறு, சில இடத்தில் பத்து மாதம்கூடக் கேட்கிறார்கள். அவருடைய பணம் என்னிடம் இருக்கிறது, அது கைக்கு வராமல் அவரால் நகர முடியாது, நகராமல் நான் தர மாட்டேன். ஆக, அவரைப் பிடித்து வைத்திருந்ததே நான்தான்!

அன்றைக்கே பாதி, 20,000, அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாகவும் ஆனி 25க்குள் காலி செய்வதாகவும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். முழுவதையும் கொடுத்திருக்கக் கூடாது. ஒருவேளை போகாமல் இழுத்தாலும் மீதி 20,000 இரண்டு மாத வாடகைக்குத் தாங்கும். தேதியிலும் கவனம் வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள், அடுத்த பேச்சு ஆவணியில்தான். மார்கழிக்கும் அதே கதை. பெயிண்டிங் காசு பிடிக்க மாட்டேன் என்றும் சொல்லிவைத்தேன். ஒரு மாத வாடகையை அதற்கென்று கழிப்பதுதான் இங்கே வழக்கம் என்பதால், அவர் முகம் அப்போதுதான் தெளிந்தது.

நண்பர்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் ஒருவரைப் போகச் சொல்வதென்றால், அட்வான்ஸ் ஓனரிடம் இருக்கும். அப்போது மற்றவர்கள் கையிலிருந்து போட வேண்டும், அல்லது புது ஆளை முன்னாடியே பிடித்து அவர் பங்கை வாங்கி இவருக்குக் கொடுக்க வேண்டும். நான் செய்து பார்த்ததில்லை, ஆனால் முடிச்சு அதே இடத்தில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

மேடவாக்கத்தில் ரூம் பிடித்து, ஆனி 22ஆம் தேதியே குட்டியானையில் சாமான் ஏற்றினார். சப் மீட்டரை இரண்டு பேருமாகப் பார்த்து, கரண்டுக்கு 1,340 கழித்து மீதியைக் கொடுத்தேன். அம்மா தயிர் சாதம் கட்டிக் கொடுத்தார். இன்னும் மாதம் ஒரு பார்சலாவது அவர் பெயருக்கு எங்கள் வாசலில் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகிறார், பைக்கை வெளியே நிறுத்திவிட்டு.