அப்பாவின் கே1000 கேமராவும் சென்னையில் அதற்குக் கிடைத்த பழுதுபார்ப்பும்

டொராண்டோவிலிருந்து இம்முறை திருச்சிக்குச் சென்றபோது, பரணிலிருந்து அப்பாவின் பெண்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமராவை இறக்கினேன். 1976 முதல் 1997 வரை தயாரான அந்த மாடலில் ஷட்டர் முழுவதும் சுருள்வில்லாலும் பற்சக்கரங்களாலும் இயங்குவது; பொத்தான் பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு மட்டுமே வேண்டும். ஆகவே பதினெட்டு வருடம் துணியில் சுற்றிக் கிடந்தும், லீவரை இழுத்து அழுத்தியதும் ‘டக்’கென்று அடித்தது. ஆனால் பின்கதவைத் திறந்தபோது, ஒளி புகாதிருக்க ஒட்டப்பட்ட ஃபோம் தார்போல் இளகி விரலில் அப்பிக்கொண்டது. லென்சுக்குள் பூஞ்சையும் படர்ந்திருந்தது.

திருச்சியில் கேட்ட இரண்டு கடைகளிலும் கைவிரித்துவிட்டார்கள். சென்னையில், அண்ணா சாலையை ஒட்டிய ஒரு மாடிக் கடையில்தான் மெக்கானிக் ஒருவர் அகப்பட்டார். கேமராவைக் காதருகே வைத்து ஷட்டரை ஒவ்வொரு வேகமாக அடித்துப் பார்த்தவர், ஒரு நொடி என்பது ஏறக்குறைய இரண்டு நொடியாக இழுப்பதாகவும், உள்ளே எண்ணெய் காய்ந்திருப்பதாகவும் சொன்னார். பல்குத்தும் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு அந்தத் தாரைச் சுரண்டிய பொறுமையை அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து நாளில் வேலை முடிந்தது. கூலி 2,800 ரூபாய். லென்ஸ் ஓரத்தில் பூஞ்சை அரித்த தடம் மட்டும் போகவில்லை.

என் மகன் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்டாக்ஸ் 17-இன் படத்தை அவரிடம் காட்டினேன். 2024-இல் சுமார் 500 அமெரிக்க டாலருக்கு வந்த அது, ஒரு 36 படச் சுருளில் 72 படம் எடுக்கும் அரைச்சட்டக் கேமரா. ஆனால் பேட்டரி இல்லாமல் இயங்காது. “போர்டு போனால் போர்டையே மாற்றணும் சார், அது எங்கே கிடைக்கும்?” என்றார். நிக்கான் 2020-இல் எஃப்6 என்ற ஃபிலிம் கேமராவை நிறுத்திவிட்டது. லைக்கா 2022-இல் மீண்டும் கொண்டுவந்த எம்6 ஃபிலிம் கேமரா, பேட்டரியின்றியே ஷட்டர் அடிக்கும் என்றாலும், விலை 5,000 டாலரைத் தாண்டுகிறது. புதிதாக வாங்குவதைவிட, பழையதைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்வதே இப்போதைக்கு எனக்குக் கட்டுப்படியாகும்.

ஃபிலிம் கழுவக் கொடுத்த இடத்தில்தான் வருத்தம்: படங்கள் கைப்பேசிக்கு வந்துவிட்டன, நெகட்டிவையோ ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி, விரல் ரேகையோடு நீட்டினார்கள். ஊட்டியிலேயே ஃபிலிம் தயாரித்த மாநிலத்தில் இப்படியா என்றிருந்தது.

கிளம்பும்போது மெக்கானிக், கெட்டுப்போன கே1000 டொராண்டோவில் மலிவாகக் கிடைத்தால் ஒன்று கொண்டுவரச் சொன்னார். உதிரிக்குத்தான், ஷட்டர் துணி மட்டும் கிழியாமல் இருக்க வேண்டுமாம்.