மிஷன் வீடு: தட்டை முகப்பா, கோபுரமா?

சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் ஒரு பக்கம் டாக்கோ கடை, மறுபக்கம் சுவரோவியம். நடுவே நூறு வயது தாண்டிய மரவீடுகள். 1906 நிலநடுக்கத்தைத் தொடர்ந்து பரவிய தீ 20ஆம் தெரு அருகே அடங்கியதால், அதற்குத் தெற்கே பல வீடுகள் தப்பின. அன்று தீயை அணைக்கக் கைகொடுத்த தெருவோரத் தண்ணீர்க் குழாய்க்கு ஆண்டுதோறும் தங்க நிறம் பூசுகிறார்கள்.

இங்கே பழைய வீடு வாங்க நினைத்தால் இரண்டு கட்டடப் பாணிகளில் எது என்று யோசிக்க வேண்டும். 1870களின் இத்தாலியனேட் பாணி வீட்டுக்கு உயரமான ஒடுங்கிய ஜன்னல்கள், கூரை விளிம்பில் அலங்காரத் தாங்கிகள், பலவற்றில் தட்டை முகப்பு. 1890களின் குயின் ஆன் பாணி என்றால் முக்கோண முகடு, மீன்செதில் மரச்சில்லுகள், சிலவற்றில் மூலைக் கோபுரம்.

கண்ணுக்கு அழகு குயின் ஆன்தான். ஆனால் பெயின்ட் கூலி கேட்டால் தலை சுற்றும். அத்தனை வளைவு, அத்தனை நிறம். பழைய பூச்சில் நச்சான ஈயம் இருக்கலாம் என்பதால் சும்மா சுரண்டவும் முடியாது. இத்தாலியனேட்டிலும் ஈயம் உண்டு, சுரண்ட வேண்டிய இடம்தான் குறைவு. பல இத்தாலியனேட் வீடுகளில் அந்தக் கம்பீர முகப்புக்குப் பின்னால் சாதாரணக் கூரை ஒளிந்திருக்கும். எனக்கு அந்தக் குறும்பு பிடிக்கும்.

எதுவானாலும் முதலில் அடித்தளத்தைப் பாருங்கள். பழைய செங்கல் என்றால், நிலநடுக்க ஊரில் விலையை அடித்துப் பேசலாம். என் ஓட்டு இத்தாலியனேட்டுக்கு. கோபுரத்தைத் தெருவில் நின்றே ரசித்துக்கொள்வேன்.