காத்மாண்டுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் கவனத்துக்கு: பணம் எங்கெங்கே பறிபோகிறது

காத்மாண்டுவில் தன்னார்வலர்களை ஏமாற்றுகிற ஏற்பாட்டாளர்களின் வேலை பெரும்பாலும் விசாப் பேச்சில் தொடங்குகிறது. "டூரிஸ்ட் விசா போதும். ஏர்போர்ட்டில் கேட்டால் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள்" என்பார்கள். இதைக் கேட்ட மாத்திரத்தில் பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை பார்ப்பது நேபாளத்தில் குற்றம். சம்பளம் வாங்காத தொண்டும் அதில் அடங்கும். மாட்டினால் அபராதமும் நாடுகடத்தலும் உங்கள் தலையில்தான் விழும், பணம் வாங்கியவர் கைகழுவி விடுவார். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் எதுவானாலும் அங்குள்ள அரசு அமைப்பான சோஷியல் வெல்ஃபேர் கவுன்சிலோடு ஒப்பந்தம் போட்டுத்தான் இயங்க முடியும். அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். தருவதற்கு இழுத்தடித்தால் அதுவே பதில்.

"விசா செலவு" என்று தனியாக ஒரு தொகை கேட்டால் இந்தக் கணக்கை வைத்துச் சரிபாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசாவே தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஆண்டின் முதல் வருகையில் 30 நாள் இலவசம். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு டூரிஸ்ட் விசா 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. நீட்டிக்கக் குறைந்தது 15 நாளுக்கு 45 டாலர், அதற்கு மேல் நாளுக்கு 3. காளிகாஸ்தானில் உள்ள குடிவரவுத் துறை அலுவலகத்தில் நீங்களே கட்டலாம். டூரிஸ்ட் விசாவில் ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 150 நாள்தான் தங்க முடியும். டூரிஸ்ட் விசாவை நீட்டித்துக்கொண்டே ஒரு வருடம் தொண்டு செய்யலாம் என்பவர் இரண்டு பொய்களை ஒன்றாகச் சொல்கிறார்.

அடுத்தது ஏற்பாட்டுக் கட்டணம். உணவு, தங்குமிடம், பயிற்சி, நன்கொடை எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களைத் தங்கவைக்கும் குடும்பத்துக்கு வாரத்துக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, அலுவலகத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். குடும்பத்துக்குரியதை அங்கே போய் வாராவாரம் நேரில் கொடுப்பதாகச் சொல்லிப் பாருங்கள். நேர்மையான இடம் சம்மதிக்கும். பெருந்தொகை வாங்கிக்கொண்டு அந்தக் குடும்பத்துக்குச் சொற்பம் மட்டுமே கொடுக்கிறவர்கள் மறுப்பார்கள். பணமாற்றுக் கடை வழியாகத் தனிநபர் பெயருக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பவே வேண்டாம், அதைத் திரும்பப் பெற வழி கிடையாது.

அநாதை இல்லங்களைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். நேபாளத்தின் இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஹும்லா போன்ற தொலைதூர மாவட்டங்களில், படிக்க வைப்பதாகச் சொல்லிப் பெற்றோரிடம் பணம் வாங்கிப் பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்குக் கூட்டிவந்தார்கள். இல்லங்கள் வெளிநாட்டினர் அதிகம் வரும் ஊர்களிலேயே குவிந்திருப்பது தற்செயல் அல்ல. பார்த்தவர் மனம் இளக வேண்டுமென்றே பிள்ளைகளை அரைப்பட்டினியாகவும் அழுக்காகவும் வைத்திருந்த இல்லங்களும் உண்டு. உங்கள் கட்டணம்தான் அடுத்த குழந்தையை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரும் கூலி. உங்கள் காவல்துறை நற்சான்றிதழைக் கேட்காமல் குழந்தைகளோடு விடுகிற எந்த இடத்துக்கும் போகாதீர்கள். தவறு கண்ணில் பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098.

சொந்தமாக அறை பார்ப்பவர்கள் நாள்கணக்கில் ஏமாறுகிறார்கள். அங்கே வாடகை நேபாள நாட்காட்டியான விக்ரம் சம்வத்தின் மாதப்படி ஓடும். பைசாக் மாதம் நம் சித்திரையை ஒட்டிப் பிறக்கும், பாத்ரா நம் ஆவணியை ஒட்டி. நீங்கள் செப்டம்பர் 1 அன்று குடியேறினால் அது பாத்ரா நடுவில் விழும். வீட்டுக்காரர் பாத்ராவுக்கு முழு வாடகை வாங்கிவிட்டு, செப்டம்பர் 17 வாக்கில் அசோஜ் பிறந்ததும் அடுத்த மாதத்துக்கும் கேட்பார். இரண்டு வாரம் இருந்ததற்கு இரண்டு மாத வாடகை! முதல் மாதத்துக்கு நாள் கணக்குப்படி மட்டும் வாங்க வேண்டும் என்று, இரண்டு நாட்காட்டித் தேதிகளையும் போட்டு எழுதி வாங்குங்கள். முன்பணம் திரும்பும் நாளும் அதே தாளில் இருக்கட்டும்.

மின்சாரத்துக்கு சப் மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குடியேறும் அன்றே எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். யூனிட்டுக்கு அவர் சொல்லும் விலையை மின்வாரிய பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "தண்ணீர் வாடகையில் அடக்கம்" என்பதை நம்பாதீர்கள். காத்மாண்டுவில் குழாய்த் தண்ணீர் நாள்தோறும் வராது, வறண்ட மாதங்களில் லாரித் தண்ணீரைப் பங்கு போடுவார்கள். அந்தப் பங்கு எத்தனை குடும்பங்களுக்கு நடுவே என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, சிலிண்டரின் காலி எடை கழுத்து வளையத்தில் பொறித்திருக்கும், நிறுத்துப் பார்த்து வாங்குங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களைக் குறிவைக்கும் தந்திரம் ஒன்று உண்டு. இந்திய 100 ரூபாய் என்பது நேபாள 160 ரூபாய். வாடகையோ டாக்ஸியோ "ஐந்நூறு ரூபாய்" என்று பேசி முடித்துவிட்டு, கடைசியில் "ஐசி" என்பார்கள், அதாவது இந்திய ரூபாய். "என்சி" என்றால் நேபாள ரூபாய். பேரம் முடியும்போதே "என்சி தானே?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்குப் பெரும்பாலான வங்கிகள் ஒவ்வொரு தடவையும் 500 நேபாள ரூபாய் அளவுக்குப் பிடிப்பதால், சிறு தொகையாக எடுக்காதீர்கள். "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா?" என்று திரையில் வந்தால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

காத்மாண்டுவில் சுற்றுலாப் பயணிகள் கூடும் தமேல் பகுதியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, காசு வேண்டாம், பால் பவுடர் மட்டும் வாங்கித் தாருங்கள் என்பார். அவர் காட்டும் கடையில் விலை கூடுதலாக இருக்கும். நீங்கள் நகர்ந்ததும் டின் மறுபடி அலமாரிக்குப் போகும், காசைக் கடைக்காரரும் அவரும் பிரித்துக்கொள்வார்கள். புதிதாக வந்த தன்னார்வலர்கள் இதில் அதிகம் விழுகிறார்கள், ஏனென்றால் உதவத்தான் வந்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? ரசீது, வாட்ஸாப் உரையாடல், விளம்பரப் பக்கத்தின் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பிரிகுடிமண்டபத்தில் உள்ள சுற்றுலாக் காவல் நிலையத்துக்குப் போங்கள், தொலைபேசி 1144. அட்டையில் கட்டியிருந்தால், ஒப்புக்கொண்ட சேவை கிடைக்கவில்லை என்று உங்கள் வங்கிக்கு உடனே எழுதுங்கள். தசைன், திஹார் பண்டிகை விடுமுறைகளில் அங்கே அலுவலகங்கள் மூடிக்கிடக்கும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ நடந்திருந்தால் பண்டிகைக்கு முன்பே புகாரைப் பதிந்து எண் வாங்கிவிடுங்கள்.