பழைய திங்பேட்டில் புதிதாக ஓஎஸ் போட்ட கதை: நீண்ட பாவனைக்குப் பிறகு

செகண்ட் ஹாண்ட் லப்டொப் வாங்கினவர்கள் என்னிடம் கதைக்க வந்தால் றாம் எவ்வளவு, புரொசெசர் என்ன என்று நான் கேட்பதில்லை. கடையில் போட்டுத் தந்த ஓஎஸை, அதாவது கணினியை இயக்குகிற விண்டோஸை, அழித்துவிட்டீர்களா என்றுதான் கேட்பேன். "ஏன் அண்ணை, எல்லாம் போட்டுத்தானே தந்தவங்கள்" என்பார்கள். அதனால்தான் அழிக்கச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது லெனோவோ திங்பேட் டி450. 2015 இல் வந்த மொடல், இன்டெல் ஐந்தாம் தலைமுறை ஐ5, 8 ஜீபி றாம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறின நேரத்தில் வாங்கினது. புது லப்டொப்பை விலை கேட்கவே மனம் வராத காலம். நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினதும் அந்த வருடந்தான். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு கடையில், ஏதோவொரு வெளிநாட்டுக் கம்பனி கழித்துவிட்ட மெஷினாக இது வந்திருந்தது. பாடசாலைக்கு வினாத்தாள் அடிக்கவேணும், சூமில் வகுப்பு எடுக்கவேணும், 'நூலகம்' என்ற இணையக் களஞ்சியத்தில் பழைய சஞ்சிகைகள் வாசிக்கவேணும். என்னுடைய தேவை அவ்வளவுதான்.

காசைக் கொடுக்க முதல் பயோஸைப் (ஓஎஸ் தொடங்க முதல் வருகிற, மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) பாருங்கள். திங்பேட் என்றால் பவர் போட்டவுடன் எஃப்1. அங்கே பாஸ்வேர்ட் கேட்டால், கடைக்காரர் என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். சுப்பவைசர் பாஸ்வேர்ட் மதர்போர்டில் உள்ள ஒரு சிப்பில் பதிந்து கிடக்கும். உள்ளே இருக்கிற சின்னப் பற்றரியைக் கழற்றி மாட்டினாலும் போகாது. கொஞ்சம் புதிய மெஷின்களில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பழைய கம்பனி அதைத் தன் பெயரில் மைக்ரோசொஃப்ட் ஓட்டோபைலட் என்ற நிறுவனப் பதிவு முறையில் பதிந்துவிட்டு நீக்காமல் விற்றிருந்தால், புதிதாக விண்டோஸ் போட்டு இணையத்தில் இணைந்தவுடன் அந்தக் கம்பனியின் லொகினைக் கேட்கும். போமட் பண்ணியும் பிரயோசனம் இல்லை.

கடைக்குப் போகும்போது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸான லினக்ஸ் மின்ட் ஏற்றின ஒரு பென் டிரைவைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கில் எதையும் தொடாமல் பென்னிலிருந்தே அது ஓடும். வைஃபை, கமெரா, சத்தம், கீபோர்டில் ஒவ்வொரு விசை என்று எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். அதிலுள்ள டிஸ்க்ஸ் செயலியில், டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தரவைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது, எத்தனை செக்டர் பழுதாகி மாற்றப்பட்டிருக்கிறது என்று தெரியும். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கடை போட்ட விண்டோஸ் 10 ஐத் திறந்து பார்த்தேன். விண்டோஸோடு வரும் வைரஸ் காவலான டிஃபென்டர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அது சோதிக்காமல் விடவேண்டிய விலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டர். அதற்குள் விண்டோஸை அக்டிவேற் பண்ணுகிற கள்ள புரோகிராம். அதை வைரஸ் என்று பிடித்துவிடும் என்பதற்காகவே காவலை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த நிலையில் உள்ள கணினியில்தான் சனம் வங்கிக் கணக்கைத் திறக்குது. டி டிரைவில் முன்னைய உரிமையாளரின் சம்பளப் பத்திரங்கள் அப்படியே கிடந்தன. எங்கோ ஒரு நாட்டில் உள்ள மனிசனின் சம்பளம் எனக்கு என்னத்துக்கு? திறந்து வாசிக்காமல் முழு டிஸ்க்கையும் துடைத்தேன்.

இதில் வருத்தம் என்னவென்றால், அந்தக் கள்ள வேலைக்குத் தேவையே இருக்கவில்லை. முன்பு முறையான விண்டோஸ் 10 ஓடின மெஷினுக்கு அதன் உரிமம் மதர்போர்டோடு சேர்த்து மைக்ரோசொஃப்ட்டில் பதிவாகி இருக்கும். அவர்களுடைய தளத்திலேயே மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜீபி பென் ஒன்றில் ஏற்றி, அதே பதிப்பைப் போட்டால் போதும். கீ கேட்கும் இடத்தில் 'என்னிடம் கீ இல்லை' என்று கொடுத்தேன். இணையத்தில் இணைந்ததும் தானாகவே அக்டிவேற் ஆனது.

கையோடு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 256 ஜீபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டேன். பழைய லப்டொப்பில் ஒரே ஒரு செலவுதான் செய்யலாம் என்றால் இதைச் செய்யுங்கள். றாம் கூட்டுவது அதற்குப் பிறகு. டி450 இல் வெளியே கழற்றுகிற பற்றரி ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு இருக்கு. ஆகவே பின்மூடியைத் திறக்க முதல் பயோஸில் பவர் பகுதிக்குப் போய், உள் பற்றரியை நிறுத்தும் தெரிவை அழுத்தவேணும். மெஷின் தானாக அணையும். வெளிப் பற்றரியையும் கழற்றிவிட்டால், சார்ஜரைத் திரும்பச் செருகும் வரைக்கும் உள்ளே கரண்ட் ஓடாது.

விண்டோஸ் 10 நன்றாகத்தான் ஓடினது. ஆனால் அதற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடியும் என்று அறிவித்திருந்தார்கள், அப்படியே முடிந்தும் விட்டது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. என்னுடையது ஐந்து. பென்னில் ஓஎஸ் ஏற்றுகிற ரூஃபஸ் என்ற புரோகிராம் மூலம் அந்தச் சோதனையைத் தவிர்த்துப் போடலாம், போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேற் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தருவதில்லை. பிள்ளைகளின் புள்ளிகள் கிடக்கிற கணினியை அந்த நிலையில் வைக்க எனக்கு விருப்பமில்லை. 2024 இல் மின்ட் 22 வெளிவந்த பிறகு முழுதாக அதற்கு மாறினேன். 2029 வரைக்கும் பாதுகாப்பு அப்டேற் உண்டு. முழு ஓஎஸும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு 3 ஜீபிக்குக் கிட்ட வரும். இரவு டேட்டாவில் இறக்கலாம். இறக்கின பிறகு கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பாதியில் அறுந்த கோப்பைப் பென்னில் ஏற்றி மினக்கெடவேண்டாம்.

தமிழ் எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். மின்டில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுப் புரோகிராம்கள் இரண்டையும் போட்டால் தமிழ்99 விசைப்பலகையும் வரும், எங்கள் நாட்டு றெங்கநாதன் விசைப்பலகையும் வரும். ரைப்ரைட்டர் முறையில் பழகின கைக்கு றெங்கநாதன் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! இதற்காக உழைத்தவர்களுக்கு மனமார நன்றி சொல்கிறேன். பழைய வினாத்தாள்கள் பாமினியில் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பை ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் வேர்ட், எக்செல் வேலைகளுக்கான இலவசத் தொகுப்பான லிபரே ஒஃபிஸில் சரியாகத் தெரியும். புதிதாக அடிப்பதை, தனி எழுத்துரு இல்லாமலே எந்தக் கணினியிலும் தெரிகிற யூனிகோடிலேயே அடியுங்கள்.

ஏ.எல். தகவல் தொழினுட்பம் படிக்கிற பெறாமகள் ஒருநாள் இதில் இருந்துவிட்டு, "சித்தப்பா, பைதன் இதில ஏற்கெனவே கிடக்கு, ஒண்டும் இறக்கத் தேவையில்லை" என்றாள். அதற்குப் பிறகு பின்னேரங்களில் மெஷின் அவளிடந்தான்.

குறைகளும் உண்டு. என்னிடமிருந்த பழைய லேசர் பிரின்டருக்கு லினக்ஸ் டிரைவரை நிறுவ முடியவில்லை. வினாத்தாளைப் பிடிஎஃப் ஆக்கிக் கடையில் அடிக்கிறேன். டிரைவர் இல்லாமலே நெட்வேர்க்கில் அச்சடிக்கிற புதிய பிரின்டர்களில் இந்தக் கரைச்சல் குறைவு. வேர்ட்டில் செய்த அட்டவணைகள் லிபரே ஒஃபிஸில் இடையிடையே குலையும். மக்ரோ வைத்த எக்செல் படிவங்களோடு நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு நான் மின்டைச் சொல்லமாட்டேன்.

பற்றரிக்கு டிஎல்பி என்ற சிறு புரோகிராம் போட்டு, 75 இற்குக் கீழே இறங்கினால் மட்டும் சார்ஜ் ஏறவும் 80 இல் நிற்கவும் வைத்திருக்கிறேன். எங்கள் வெக்கைக்கு நூறு சதவீதத்தில் நாள் முழுக்கச் செருகி வைத்தால் பற்றரி கெதியாகச் செத்துப்போகும். சோளகம் வீசி முடிந்ததும் பின்மூடியைத் திறந்து விசிறியில் படிந்த செம்பாட்டுத் தூசியை எடுப்பேன்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு: விண்டோஸ்தான் வேணும் என்றால் டி480 போல எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். மின்ட் போதும் என்றால் ஐந்தாம், ஆறாம் தலைமுறை மெஷினைக் குறைந்த காசுக்கு எடுத்து, மிச்சக் காசை எஸ்எஸ்டிக்கும் நல்ல பற்றரிக்கும் போடுங்கள்.