எபிக்-26 கேள்வித்தாள்: எல்லாம் கேட்கிறது, இரவை மட்டும் கேட்கவில்லை

நோர்வூட் பக்கம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். புரொஸ்டேட் புற்றுநோய்க்குக் கண்டியில் கதிர்ச் சிகிச்சை எடுத்தேன். கிளினிக்கில் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம் ஆட்கள் "பரவாயில்லை டொக்டர்" என்றுதான் சொல்வார்கள். பின்னால் வரிசை நிற்கும்போது வேறென்ன சொல்ல முடியும்?

அந்த வாயடைப்புக்கு எபிக்-26 நல்ல மருந்து. புரொஸ்டேட் புற்றுநோயாளிகளுக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான கேள்வித்தாள். கடந்த 4 வாரங்களைப் பற்றி 26 கேள்விகள். சிறுநீர்க் கசிவு, சிறுநீர் எரிச்சலும் அடைப்பும், குடல், தாம்பத்தியம், ஹோர்மோன் என்று ஐந்து பகுதிகளுக்கும் தனித்தனிப் புள்ளி. 100 என்றால் தொல்லையே இல்லை.

குடல் பகுதிதான் எனக்குப் பெரிய உதவி. மலம் அவசரமாக முட்டுகிறதா, அடக்க முடியாமல் போகிறதா, இரத்தம் வருகிறதா என்று நேராகவே கேட்கிறது. ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் ஏறி, கினிகத்தேனை தாண்டியதும் வயிறு முட்டினால் என்ன பாடு என்று பட்டவனுக்குத்தான் தெரியும். அதை வாயால் சொல்லக் கூசியவன், தாளில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். தாம்பத்தியக் கேள்விகளைத் தனியாக இருந்து நிரப்புங்கள். மகனையோ மருமகளையோ வாசிக்கச் சொன்னால் உண்மை வராது.

குறையும் உண்டு. சிறுநீர்க் கசிவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேட் வைக்கிறீர்கள் என்று கேட்கிறது. தோட்ட லய வீட்டில் பழைய சாரத்தைக் கிழித்து மடித்து வைப்பவர் எந்தக் கட்டத்தில் வட்டம் போடுவார்? அதைவிடப் பெரிய குறை, பகலில் அடிக்கடி சிறுநீர் வருகிறதா என்று கேட்டுவிட்டு, இரவில் எத்தனை முறை எழும்புகிறீர்கள் என்று கேட்காமல் விட்டது. மார்கழிப் பனியில், கக்கூஸ் வெளியே இருக்கிற வீட்டில், என் வாழ்க்கையைக் கெடுத்ததே அதுதான். வயதானவர் இருட்டில் வழுக்கி விழவும் கூடும்.

அதனால் ஐ.பி.எஸ்.எஸ். (IPSS) என்ற சிறுநீர்த் தொல்லைக் கேள்வித்தாளையும் சேர்த்து நிரப்புங்கள். அறிகுறிகளைப் பற்றி ஏழு கேள்விகள், அவற்றுக்கு மொத்தம் 35 புள்ளி, அதில் ஒன்று இரவைப் பற்றியது. ஆனால் கவனம், இதில் புள்ளி கூடினால் நிலைமை மோசம். எபிக்குக்கு நேர் எதிர்.

சிகிச்சை தொடங்கும் முன்பே ஒரு தடவை நிரப்பி வையுங்கள். அது இல்லாவிட்டால் எது வயதால் வந்தது, எது கதிரால் வந்தது என்று பிரிக்க முடியாது. உடம்பு தேறிவிட்டது என்று இடையில் விட்டுவிடவும் வேண்டாம். மலத்தில் இரத்தம் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்தும் வரலாம்.