வீட்டுக்கு ஒரு பிளேலிஸ்ட்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் குடும்பத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே பிளேலிஸ்ட் வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் பாட்டு சேர்க்கலாம், எல்லோர் போனிலும் அது வந்து நிற்கும். லாக்டவுன் சமயத்தில் ஆரம்பித்தது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு அறுபதுகளின் திரைப்பாடல்கள். சித்திக்குக் கர்நாடக சங்கீதம். தம்பிக்கு இளையராஜா, ரஹ்மான். அண்ணன் மகள் மேற்கத்திய வயலின் கற்றுக்கொள்கிறாள், அவள் வழியாக பாக், பீத்தோவன் எல்லோரும் வீட்டுக்குள் வந்தார்கள். இப்படி ஆளுக்கொரு ரசனை இருக்கும் வீட்டில் கூட்டுப் பிளேலிஸ்ட் எவ்வளவு தூரம் உதவும், எங்கே காலை வாரும் என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன். எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமில்லை. பெரிய இசைச் செயலிகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறது.

முதல் விஷயம்: சும்மா பாட்டுகளைக் கொட்டிவைத்தால் யாரும் யாருடையதையும் கேட்பதில்லை. ஆரம்ப மாதங்களில் அப்படித்தான் போயிற்று. அவரவர் சேர்த்ததை அவரவர் கேட்டோம், மற்றதைத் தள்ளிவிட்டோம். அதை மாற்றியது சித்தி.

தம்பி ‘சிந்து பைரவி’ படத்தின் ‘பாடறியேன் படிப்பறியேன்’ பாட்டைச் சேர்த்திருந்தான். 1985-இல் வந்த படம், சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கி, ஸ்வரங்களில் ஏறி, கடைசியில் ‘மரி மரி நின்னே’ என்ற தியாகராஜர் கிருதியில், அதாவது கர்நாடக சங்கீதப் பாடலில், போய் இறங்கும். சித்தி அதற்குக் கீழே இரண்டு பதிவுகளைச் சேர்த்துவிட்டு, வாட்ஸ்ஆப்பில் எழுதினார்: “தம்பி, இந்தக் கிருதி தியாகராஜர் வழியில் காம்போதி ராகம். ராஜா அதே சாகித்யத்தை, அதாவது வரிகளை, சாரமதி ராகத்தில் போட்டிருக்கார். முதல்ல காம்போதியில கேளு. அப்புறம் ‘மோக்ஷமு கலதா’ கேளு, அது சாரமதியிலேயே இருக்கிற தியாகராஜர் கிருதி. கேட்டுட்டு திரும்ப உன் பாட்டுக்கு வா.”

கச்சேரிப் பதிவு என்றாலே அடுத்ததுக்குத் தாவுகிறவன் அன்றைக்கு மூன்றையும் கேட்டான். ‘மோக்ஷமு கலதா’ பாதியில் “அக்கா, இது அந்தப் பாட்டேதான்” என்று எனக்குப் போன் செய்தான். சாகித்யம் வேறு, பாடுகிறவர் வேறு. அவனுக்குப் பழகிப்போன மெட்டின் சாயலை ஒரு கிருதிக்குள் தானே கண்டுபிடித்ததுதான் அவனை உட்கார வைத்தது. ராகத்தின் பெயரை மட்டும் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

அதற்குப் பிறகு எங்கள் வழக்கமே இதுதான். ஒரு பாட்டைச் சேர்த்தால், மற்றவருக்கு ஏற்கெனவே பிடித்த பாட்டுக்குப் பக்கத்தில் சேர்ப்போம், எங்கே காது வைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுவோம். அப்பாவுக்கு ராகப் பேச்சில் ஆர்வமே கிடையாது. ஆனால் 1967-இல் வந்த ‘திருவருட்செல்வர்’ படத்தில் சுசீலா பாடிய ‘மன்னவன் வந்தானடி’ என்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதற்கு அடுத்து தியாகராஜரின் ‘நிதி சால சுகமா’, அதற்கு அடுத்து ராஜாவின் ‘ஜனனி ஜனனி’. மூன்றும் கல்யாணி ராகம். அவரிடம் கல்யாணி என்று நாங்கள் சொல்லவே இல்லை. வரிசையாக ஓடவிட்டோம், அவ்வளவுதான். இப்போது சித்தியின் கச்சேரிப் பதிவுகளில் எது கல்யாணி என்று அவரே சொல்கிறார்.

எனக்கு இந்தப் பட்டியல் தந்த பெரிய பரிசு பாக். ராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ 1986-இல் வந்த இசைத்தொகுப்பு, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வி.எஸ்.நரசிம்மனின் வயலின். அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதில் ஓடும் அந்த வேகமான வயலின் இழை, பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டீட்டா என்ற பல பகுதிப் படைப்பின் முதல் பகுதி என்பதை அண்ணன் மகள் மூலத்தைச் சேர்த்தபோதுதான் காதால் உணர்ந்தேன். ஒரே ஒரு வயலின், பக்கவாத்தியம் எதுவும் இல்லை, மூச்சு விடாமல் ஓடுகிறது. அவள் அதோடு நிற்கவில்லை. பாக்கே அந்த இசையை எடுத்து, ஆர்கனும் முழு வாத்தியக் குழுவும் சேர்த்து, தன் 29-ஆம் கான்டாட்டாவின் (குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த படைப்பு) தொடக்கமாக 1731-இல் மாற்றி எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்தாள். தனி வயலின், பிறகு ஆர்கனோடு, பிறகு சென்னையிலிருந்து ராஜா என்று மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ராஜா பாக்கைத் தொட்டது மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால், பாக்கே தன் இசையை அப்படித்தான் நடத்தினார் என்று நான் இப்போது தயங்காமல் சொல்வேன்.

எதிர்த் திசையிலும் இது நடந்தது. முத்துஸ்வாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளை ஒட்டி அமைத்த நோட்டுஸ்வரங்களைச் சித்தி சேர்த்தார். ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கிலேயரின் ‘காட் சேவ் த கிங்’ மெட்டில் அமைந்தது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, அதிகம் இல்லாததால் அண்ணன் மகள் உடனே வயலினில் எடுத்துவிட்டாள். கர்நாடக சங்கீதத்துக்குள் அவள் வைத்த முதல் அடி அதுதான்.

ஒரே இசையை வேறு வேறு பதிவுகளில் கேட்பதும் இந்தப் பட்டியலால் வந்த பழக்கம். பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை 1955-இல் ஒரு முறையும் 1981-இல் ஒரு முறையும் பதிவு செய்தார். முதலாவது முப்பத்தெட்டு நிமிடம் சொச்சம், இரண்டாவது ஐம்பத்தோரு நிமிடம். தொடக்கத்தில் வரும் ஆரியா என்ற மெதுவான பகுதியை மட்டும் இரண்டிலும் கேட்டால் போதும். கர்நாடகப் பாடகர் எம்.டி.ராமநாதனின் சௌக்க கால, அதாவது நிதானமான, பாட்டில் ஊறிய சித்தி, 1981 பதிவைக் கேட்டவுடன் “இவருக்கு அவசரமே இல்லை, நம்ம ஆள்” என்றார்.

சரி, இனி தொந்தரவுகள்.

பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். கச்சேரியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ராகம் தானம் பல்லவியை மூன்று துண்டாக வெட்டிப் போட்டிருப்பார்கள். ஷஃபிளில் முதலில் பல்லவி வரும், நடுவில் ஒரு குத்துப்பாட்டு, அப்புறம் தானம். அடுத்து கிராஸ்ஃபேட், அதாவது ஒரு பாட்டின் முடிவை அடுத்ததின் தொடக்கத்தோடு கலந்துவிடும் வசதி. திரைப்பாடல்களுக்கு அழகாக இருக்கும், ஆனால் ஆலாபனை (தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) முடிந்து நிற்கும் அந்த நிசப்தத்தைத் தின்றுவிடும். இதற்கு நேரெதிர் சிக்கல் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில். மூன்றாம் பகுதி இடைவெளியே இல்லாமல் நான்காம் பகுதிக்குள் பாய வேண்டும். இடைவெளி விடாமல் பாடும் வசதி செயலியில் இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு கணம் அறுந்துபோகும், அந்தப் பாய்ச்சலுக்காகத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தோம். செயலியைத் தேர்ந்தெடுக்கும்முன் இந்த ஓர் இடத்தைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

சத்தத்தைச் சமப்படுத்தும் வசதியை நாங்கள் வைத்திருக்கிறோம். பழைய மோனோ பதிவுக்குப் பின் புதுப் பாட்டு காதைக் கிழிக்காமல் இருக்க அது வேண்டும். ஆனால் ராவெல் 1928-இல் எழுதிய ‘பொலேரோ’ போன்றவற்றுக்கு அது போதாது. சின்ன டிரம் ஒன்று கேட்டும் கேட்காமலும் தொடங்கி, அதே தாளத்தைக் கால் மணி நேரம் விடாமல் பிடித்திருக்க, ஒவ்வொரு வாத்தியமாக ஏறிக்கொண்டே போகும் இசை அது. காரில் போட்டால் முதல் சில நிமிடம் எஞ்சின் சத்தம்தான் கேட்கும். வீட்டில், ஹெட்செட்டில் கேளுங்கள்.

தேடுவது இன்னும் சள்ளை. இந்தச் செயலிகள் திரை, பாப் பாட்டுகளை மனதில் வைத்துக் கட்டியவை. ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று ஒரு கட்டம், அவ்வளவுதான். அதில் பாடகர் பெயர் இருக்கும், அல்லது இசையமைப்பாளர், சில சமயம் படத்தின் கதாநாயகன்கூட. பாடலாசிரியரைக் காண்பது அரிது. தியாகராஜர் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள், ராகத்தை வைத்துத் தேட இடமே கிடையாது. ‘நின்னுக்கோரி’ என்று போட்டால் ராமநாதபுரம் ஸ்ரீனிவாச ஐயங்காரின் மோகன ராக வர்ணமும், ‘அக்னி நட்சத்திரம்’ பாட்டும் கலந்து வரும். (அதுவும் மோகனம்தான். அடுத்தடுத்து வைத்துக் கேட்க அருமையான ஜோடி.) மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கென்று 2023-இல் ஆப்பிள் தனிச் செயலியே கொண்டுவந்தது. இசையமைப்பாளர், படைப்பு, வாத்தியக் குழு நடத்துநர் என்று பிரித்துத் தேடலாம். நம் சங்கீதத்துக்கு ராகம், தாளம், வாக்கேயக்காரர் (பாட்டை எழுதி மெட்டும் அமைத்தவர்) என்று அதே போல ஒன்றை யாராவது செய்யவேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஏக்கம்.

பாட்டுக்குப் பாட்டு குறிப்பு எழுதவும் இடமில்லை. மொத்தப் பட்டியலுக்கும் சேர்த்து ஒரு சின்னப் பெட்டி கொடுக்கிறார்கள். அதனால்தான் வாட்ஸ்ஆப் குழு. அந்த ஒற்றை வரிக் குறிப்புகள் இல்லாமல் இந்தப் பட்டியல் பாதி மதிப்புதான் பெறும்.

பெரிய வருத்தம், பாட்டுகள் காணாமல் போவது. உரிமம் கைமாறினால் ஒரு நாள் காலையில் வரி சாம்பல் நிறமாகிவிடும், அமுக்கினால் பாடாது. சித்தி தேடிப் பிடித்த ஒரு காம்போதி எங்களுக்கு அப்படித்தான் போனது. வேறு ஒருவர் பாடியது கிடைத்தது, ஆனால் “ரெண்டும் கிருதி ஒண்ணு, பாட்டு வேற” என்று சித்தி சொன்னது சரி. இப்போது பாட்டின் பெயர், பாடியவர், இசைத்தட்டின் பெயர், அந்த ஒரு வரிக் குறிப்பு எல்லாவற்றையும் தனியாக ஒரு ஷீட்டில் ஏற்றிவைக்கிறோம். மாதத்துக்கு ஒரு தடவை தம்பி அதைச் சரிபார்க்கிறான். நீங்கள் தொடங்குவதானால் முதல் பாட்டிலிருந்தே அந்த ஷீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.