பட்டியை நம்பாத ஒரு டிங்கரிங் பட்டறை: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பத்மினியோடு

பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினைப் பற்றிப் படுகிற கவலையில் பாதியையாவது பாடிக்கு ஒதுக்க வேண்டும். அந்த 1089 சிசி எஞ்சின் எத்தனை மோசமாக இருந்தாலும் ஒரு நல்ல லேத்தும் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் போடத் தெரிந்த ஆளும் கிடைத்தால் திரும்ப எழுந்துவிடும். பாயிண்ட், கண்டென்சர், ரிங் செட் எல்லாம் கொஞ்சம் அலைந்தால் இன்றைக்கும் கிடைக்கிறது. பாடி அப்படியில்லை. இந்த வண்டிக்கு ஜீப் மாதிரி தனிச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் அந்தப் பெட்டிப் பகுதி துருப்பிடித்து உளுத்துவிட்டால், வெளியே பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் வண்டி நடுவில் தொய்ய ஆரம்பிக்கும், கதவைத் தூக்கிச் சாத்த வேண்டி வரும்.

எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் ஈரத்தோடுதான் வரும். ஷெட்டுக்குள் கவர் போட்டு மூடி நிறுத்திய வண்டிக்குக்கூட அடியில் வியர்க்கும். என் வண்டி 1985 மாடல், அப்பா வாங்கியது. சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் ஒரு பட்டறையில் முழு பெயிண்டிங் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள், வண்டியும் கல்யாணத்துக்குத் தயாரானதுபோல வந்தது. இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் கதவின் அடியிலும் பின் மட்கார்டு ஓரத்திலும் கொப்புளம் கொப்புளமாக எழுந்துவிட்டது. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. அப்போதுதான் நண்பர் ஒருவர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பட்டறையைச் சொன்னார்.

பெயர்ப்பலகை இல்லை. தென்னந்தோப்பு ஓரத்தில் ஓட்டுக் கொட்டகை, ஒரு வண்டி நிற்கிற இடம், வெளியே அடுத்த வண்டி காத்திருக்கும். ஆசான் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார், அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். வண்டியைப் பார்த்ததும் விலை சொல்லவில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பாடி முழுக்க வைத்துப் பார்த்தார். தகடு இருக்கிற இடத்தில் ஒட்டும், பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி தடிமனாக அப்பியிருக்கிற இடத்தில் வழுக்கி விழும். விழுந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். கடைசியில் பார்த்தால் இடது பக்கம் தகட்டைவிட வட்டம்தான் அதிகம்.

“இதுக்கு மேலயே பட்டி போட்டுத் தரணும்னா வேற ஆளைப் பாருங்க தம்பி. துரு இருக்கிற தகட்டை வெட்டி எடுக்காம நான் கை வைக்க மாட்டேன், கேட்டீங்களா” என்றார். இந்த ஒரு பேச்சுக்காகவே இந்தப் பட்டறையைச் சிபாரிசு செய்வேன். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சாமான், துருவுக்கு மேல் அதைப் பூசினால் துருவுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். இது எல்லா டிங்கருக்கும் தெரியும், சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றி வெளியே வைத்த பிறகுதான் வெல்டிங் செட்டைத் தொட்டார். கதவுகளைச் சாத்தி, ஓர இடைவெளிகளை அளந்து எழுதிக்கொண்டு, அடியில் முட்டுக் கொடுத்தார். பெட்டிப் பகுதியை வெட்டும்போது பாடி அசைந்தால் பிறகு எந்தக் கதவும் சரியாக உட்காராது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டு. நல்ல தகடு தெரிகிற வரைக்கும் வெட்டி, 20 கேஜ் சி.ஆர். தகட்டில் (துத்தநாகப் பூச்சில்லாத சாதா இரும்புத் தகடு) துண்டு வளைத்து வைத்தார். சிலர் துருப்பிடிக்காது என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வைப்பார்கள், அதை வெல்டு செய்தால் துத்தநாகப் புகை வரும், பற்றும் சரியாகப் பிடிக்காது. கேஸ் வெல்டிங்கும் வேண்டாம் என்றார், சூடு பரவி மெல்லிய தகடு நெளிந்துவிடுமாம். கம்பியும் கார்பன் டை ஆக்சைடு வாயுவும் சேர்ந்து வருகிற சி.ஓ.டூ வெல்டிங்கில் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குப் பொறுமை போய்விடும், ஆனால் தகடு நேராக நின்றது.

வெட்டிய துண்டுகளைத் தூக்கி எறியாமல் தரையில் வரிசையாக வைத்துக் காட்டினார். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கு இருந்த ஓட்டைகளை முன்பு வேலை செய்தவர்கள் பட்டியால் அடைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கி, உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வந்திருக்கிறது. உங்கள் வண்டியில் வேறெதுவும் பார்க்காவிட்டாலும் கதவுக்கு அடியில் அந்த ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.

என்னைப் போல பொழுதுபோக்காக வண்டி பார்ப்பவர்களுக்கு இன்னொரு நல்ல விஷயம், கூட நின்று வேலை செய்ய விடுகிறார். வண்டிக்கு அடியில் பூசியிருந்த பழைய அண்டர்கோட்டைச் சுரண்டுவது, வயர் பிரஷ் போடுவது, மூடிய பகுதிகளுக்குள் மெழுகு அடிப்பது எல்லாம் நானே செய்தேன், கூலியும் குறைந்தது. ரெட் ஆக்சைடு பிரைமரை மட்டும் அடித்துவிட்டு மழையில் நிறுத்தாதே, அதுவும் தண்ணீர் குடிக்கும், எபாக்சி பிரைமர் அடித்துவிட்டுப் போ என்று சொன்னதும் அவர்தான்.

குறைகளும் இருக்கின்றன. மொத்தத் தொகை என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். ஆளுக்கு நாள் கூலி 1,200 ரூபாய், தகடும் வெல்டிங் கேஸ் சிலிண்டரும் தனி, வெட்டிப் பார்த்தால்தான் எவ்வளவு என்று தெரியும் என்பார். அது நியாயம்தான், ஆனால் கையில் அளவான பணத்தோடு வருபவர்களுக்குக் கஷ்டம். பில் கிடையாது, நோட்டில் எழுதிய கணக்குதான். போன் எடுப்பது அபூர்வம். ஓணத்துக்கும் லீவு, பொங்கலுக்கும் லீவு, சித்தூர் கொங்கன்படைத் திருவிழாவுக்கும் லீவு. மழை பிடித்துவிட்டால் எந்த வண்டியையும் வெட்ட மாட்டார், சொன்ன தேதியெல்லாம் தள்ளிப்போகும். எஞ்சின், வயரிங் வேலை எதுவும் செய்வதில்லை. கடைசி பெயிண்டுக்கும் வேறு இடம் போக வேண்டும். நிறம் மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம், நான் பழைய நிறத்தையே அடித்துவிட்டேன்.

போவதாக இருந்தால் தை, மாசியில் போங்கள். சீட், கார்பெட், கதவு அட்டை, ரப்பர் பீடிங் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி, போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிட்டு, வெறும் கூடாக வண்டியைக் கொண்டுபோனால் கூலி நாட்கள் மிச்சம். காலை பத்து மணிக்கு முன்னால் நேரில் போனால் ஆளைப் பிடிக்கலாம்.